மீதிப் பாதி பின் தெருவில்

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றுதான் தெருவே சொன்னது. கத்தரியாருக்குப் பக்கவாதம் வந்தது, ஆஸ்பத்திரியில் கிடந்தார், ஒரு கால் கொஞ்சம் இழுத்தாலும் தன் காலாலேயே நடந்து வீடு திரும்பிவிட்டார். வலது கை பழையபடியே இருந்தது. இடது கை மட்டும் சோம்பேறி வேலையாள் மாதிரி, ஏவினால் சற்றுத் தாமதித்துக் கேட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வாய்க்கு ஏதாவது ஆகியிருந்தால்தான் தெரு உண்மையில் கலங்கியிருக்கும். அவருடைய சலூனுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முடிக்காக வருகிறவர்கள் இல்லை, பேச்சுக்காக வருகிறவர்கள்.

கத்தரியார் என்பது பட்டப்பெயர். ஊரெல்லாம் மெஷினுக்கு மாறிய பிறகும் அவர் கத்தரியை விடவில்லை. "மெஷினை வெச்சு இழுக்கிறதுக்குப் பேரு முடிவெட்டா? அது புல்லு வெட்டுறது" என்பார். பின் தெருவில் ஒருவர் நிமிஷத்தில் தலையை முடித்தனுப்பும் கடை போட்டபோது அவருக்கு 'மெஷின்' என்று பெயர் வைத்தவரும் இவர்தான். பெயர் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எதிரெதிரே வந்தால் இவர் ஏதாவது கடை போர்டைப் படிப்பார், அவர் வானத்தைப் பார்ப்பார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலையில் கத்தரியார் தானே முகம் மழித்துக்கொண்டு குளியலறையிலிருந்து வெளியே வந்தார். வலது கன்னம் வழவழவென்று இருந்தது. இடது கன்னத்தில் ஆஸ்பத்திரித் தாடி அப்படியே இருந்தது. வலது கையால் வலது கன்னத்தைத் தடவிக்கொண்டு, "எப்படி?" என்று மனைவியிடம் கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். இந்த மனிதருக்கு எப்போதும் விளையாட்டுத்தான் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. எதற்குச் சிரிக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து கை கால் பயிற்சி கொடுக்க வந்த பெண் விவரமாகச் சொன்னாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா. மூளைதான் இடது பக்கத்தைக் கணக்குலயே எடுத்துக்கல. இடதுன்னு ஒண்ணு இருக்கிறதே இவருக்குத் தெரியாது. தெரியலைங்கிறதும் தெரியாது. நீங்க விடாம சொல்லணும். சொல்லிச் சொல்லித்தான் கழுத்தைத் திருப்பிப் பாக்கப் பழகுவாரு."

அவளும் சொல்லிப் பார்த்தாள். "என்னங்க, இடது பக்கம் பாருங்க" என்றால், "பாத்துட்டேன்னு சொல்றேன்ல, நான் என்ன குருடனா?" என்று கத்தினார். கத்தும்போது நெற்றியில் நரம்பு புடைத்தது. கோபமும் பதற்றமும் கூடவே கூடாது என்று டாக்டர் வேறு எச்சரித்திருந்தார். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் பயந்தவள் எதைக் கேட்பாள்? எது வாயை மூடச் சொல்கிறதோ அதைக் கேட்பாள். அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இடப்புறமாகவே படுத்தவள், சத்தமில்லாமல் வலப்புறத்துக்கு மாறினாள். கடைசியாக இடப்புறம் படுத்திருந்த அன்று, அவள் பக்கத்திலேயே இருக்க, "எங்க போய்ட்ட?" என்று அவர் இருட்டில் குரல் கொடுத்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கடையைத் திறந்தே ஆகவேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அவளும் தான் வேலை பார்த்த சலவைக் கடையில் வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டு, பெருக்க, துணி மடிக்க என்று அவருடன் போனாள். முதல் தலை கணக்கு வாத்தியாருடையது. ஓய்வு பெற்றவர், தெருவிலேயே நாக்கு நீளமானவர். கத்தரியார் அவருக்குத் துணியைப் போர்த்தி, கத்தரியைக் காற்றில் இரண்டு முறை சொடுக்கிவிட்டு ஆரம்பித்தார். வலது பக்கம் அப்படியே பழைய வேலை. காதுக்கு மேல் சீராக ஏறி, பிடரியில் பூப்போல் இறங்கியது. நடு மண்டைக்கு வந்ததும் கத்தரி நின்றது. துணியை உதறினார். "முடிஞ்சது சார்" என்றார்.

வாத்தியார் கண்ணாடியைப் பார்த்தார். பாதித் தலை மாப்பிள்ளை, பாதித் தலை சாமியார். அவர் வாய் திறந்தது. அதே கண்ணாடியில், பின்னால் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றவளின் கண்களும் தெரிந்தன. வாத்தியார் வாயை மூடினார். அப்புறம் மெதுவாக, "கை விட்டுப் போகலையே உனக்கு" என்றார். கத்தரியாரின் முகம் மலர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்க்கவே இல்லை. அதற்காக ஒரு தலை என்ன, ஊர்த் தலைகள் எல்லாமே கோணலாகப் போகட்டும் என்று அவளுக்கு இருந்தது.

வாத்தியார் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அவள் பின்னாலேயே ஓடினாள். வேறு வழி தெரியாமல் அவரை நேராகப் பின் தெருவுக்கு இழுத்துப் போனாள். மெஷின் வாசலில் நின்று வாத்தியாரின் தலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் பாதிதான் சொன்னாள். மெஷின் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"உக்காருங்க சார்" என்றார். அவளிடம், "இனிமே யாரு வந்தாலும் இங்க அனுப்புங்க அண்ணி. அண்ணனுக்குத் தெரிய வேணாம்" என்றார். வருஷக்கணக்காகப் பேசாத மனிதர், அண்ணன் என்கிறார்.

"எல்லாம் சரிதான்" என்றார் நாற்காலியில் உட்கார்ந்த வாத்தியார். "ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்புன்னு கேள்விப்பட்டிருக்கேன். தலையில இப்பதான் பாக்கிறேன்." அவளும் அழுகையோடு சிரித்தாள்.

அப்படித்தான் அது வழக்கமாயிற்று. முன் தெருவில் பாதி, பின் தெருவில் மீதி. டாக்சிக்காரர் வந்தார், மருந்துக் கடைக்காரர் வந்தார், மாடிவீட்டுத் தபால்காரர் வந்தார். கத்தரியாரிடம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசி, வலது பக்கத்தை வெட்டிக்கொண்டு, "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு, தொப்பியோ துண்டோ போட்டுக்கொண்டு பின் தெருவுக்குப் போனார்கள். மெஷின் அவர்களிடம் கூலி வாங்கவில்லை. முன்பைவிடக் கத்தரியாரின் கடையில் கூட்டம் அதிகம். பாவம், முடிக்கு வளரவே நேரம் கொடுக்காமல் வந்தார்கள். முகம் மழிக்கும் கத்தியை மட்டும் அவள் எடுத்து ஒளித்துவைத்து, டாக்டர் வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்லிவிட்டாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய். ஆனால் பொய் சொன்ன அத்தனை பேரும் நல்லவர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு தெருவே சேர்ந்து கை கொடுத்தால் மறைத்துவிடலாம் போலிருக்கிறது.

கத்தரியார் மறுபடி கத்தரியார் ஆனார். "பாத்தியா, ஒரு சீக்கு என்னைப் படுக்க வெச்சிடுமா?" என்று மனைவியிடம் மார் தட்டினார். அவள் ஆமாம் என்பாள். சொல்லிவிட்டு, தரையில் விழாத முடியைப் பெருக்குவதுபோல் பாவனை செய்வாள். இது எத்தனை நாள் தாங்கும் என்ற பயம் அவளுக்குள் இரவும் பகலும் இருந்தது. தெரிந்த அன்று இந்த மனிதர் நொறுங்கிப் போவார், திரும்பப் படுத்துவிடுவார் என்று நினைத்தாள். அது நடக்காமல்தான் அவள் காவல் காத்தாள்.

காவல்காரி ஒரு நாள் மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனாள். திரும்பி வரும்போது கடைக்குள் சத்தம். நாற்காலியில் ஒரு வெளியூர்க்காரர் உட்கார்ந்திருந்தார். கோட்டும் சூட்டும் போட்டிருந்தார், காலடியில் ஒரு தோல் பை. ஏதோ கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்கு வந்தவர், போகிற வழியில் முடியைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக்கொள்ள நுழைந்திருக்கிறார்.

"ஒரு பக்கந்தான் வெட்டியிருக்கீங்க. இன்னொரு பக்கம் வெட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"தம்பி, இந்தத் தொழில்ல நான் நேத்து வந்தவன் இல்ல. கண்ணாடியில பாருங்க. எங்க வெட்டல, காட்டுங்க."

இருவரும் ஒரே கண்ணாடியைப் பார்த்தார்கள். ஒருவருக்குத் தெரிந்தது, இன்னொருவருக்குத் தெரியவில்லை. வந்தவர் கோபக்காரர் இல்லை. அவர் கண்ணில் பயம்தான் இருந்தது. பைத்தியக்காரனிடம் மாட்டிக்கொண்டோமோ என்ற பயம். வாசலில் நின்றவளைப் பார்த்து, "அம்மா, நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

கத்தரியாரும் அவள் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. தன் மனைவி தன் பக்கம்தான் பேசுவாள் என்ற நிம்மதி இருந்தது. "சொல்லு" என்றார்.

அவள் வந்தவரின் அருகில் போய், "பின் தெருவுல ஒரு கடை இருக்கு, அங்க போங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நான் எதுக்கும்மா பின் தெருவுக்குப் போகணும்? வெட்டினவர் இங்கதானே இருக்காரு?"

வாத்தியார் தெருக்காரர், பொய்யைச் சுமப்பார். இவர் யார்? பிழைப்பைத் தேடி வந்த மனிதர். கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறவரை நாலு பேர் முன்னால் பொய்யராக்குவது பாவம். அவள் மாத்திரையைக் கீழே வைத்தாள். கணவரின் வலது கையைப் பிடித்து, அதைக் கொண்டுபோய் வந்தவரின் தலையில், இடது காதுக்கு மேல் வைத்தாள்.

கத்தரியாரின் விரல்கள் முடிக்குள் நின்றன. பிறகு அசைந்தன. காதை மூடிக் கிடந்த முடியைக் கோதின, பிடரி வரை போயின, திரும்பி உச்சிக்கு வந்து, வெட்டு முடிந்த கோட்டில் நின்றன. மயிரிழை அளவு பிசகினாலும் கண்டுபிடிக்கிற விரல்கள் அவை. கண் சொல்லாத சேதியை விரல் ஒரு நொடியில் சொல்லிவிட்டது. அவர் கண்ணாடியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார்.

"மன்னிச்சிடுங்க தம்பி" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரு சந்தோஷப்பட்ட மனிதர்.

அவள் வந்தவரைப் பின் தெருவில் விட்டுவிட்டுத் திரும்பியபோது, கத்தரியார் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இவருக்கு மட்டுமா?"

"இல்லங்க."

"யாரு யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"எங்க போய் சரி பண்ணாங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். மெஷின் என்ற பெயர் கேட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடி அங்கேதான் பலமாக விழுந்தது. "நீ தெரிஞ்சேதான் ஆமா ஆமான்னு சொன்னியா?" என்று மட்டும் கேட்டார். அவள் அழுதாள். அவர் சமாதானம் சொல்லவில்லை.

கடை மூடப்பட்டது. தெரு வீட்டுக்கு வந்தது. டாக்சிக்காரர் வாசலில் நின்று, "அண்ணே, எனக்கு இருக்கிறதே நாலு முடி, அதுல எந்தப் பக்கம் போனா என்ன?" என்றார். வாத்தியார், "பாதி போதும்யா, வந்து வெட்டு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். கத்தரியார் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

"நான் பிச்சை கேட்டா காசு போடுங்க சார். தலையைப் போடாதீங்க."

வாத்தியார் வந்த வழியே திரும்பிப் போனார். நாக்கு நீளமானவர் அன்றைக்கு முழுக்க யாருடனும் பேசவில்லையாம்.

கத்தரியார் சாப்பிட்டார், தூங்கினார், கேட்டதற்கு ம் கொட்டினார். படுத்துவிடுவார் என்று அவள் பயந்தது நடக்கவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. எழுந்து நடமாடும் மனிதருக்குள் ஆள் இல்லை. இதற்கா நான் அவர் கையைப் பிடித்துக் காட்டினேன் என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

கடைசியில் மெஷின் வந்தார். அவருக்கே காதை மூடி முடி வளர்ந்திருந்தது, பிடரியில் காலரைத் தொட்டது. முடிவெட்டுகிறவன் தலையை யாராவது கவனிக்கிறார்களா? வந்தவர் உட்காரவில்லை.

"வெட்டிவிடுங்கண்ணே."

"உன் கடையில கண்ணாடி இல்லையா?"

"என் தலையை நானே வெட்டிக்க முடியுமா? மத்தவங்க உங்ககிட்ட வந்துட்டு எங்கிட்ட வந்தாங்க. நான் யாருகிட்ட போறது? பின் தெருவுல இருக்கிறது நான் ஒருத்தன்தான். நீங்க எப்படி வெட்டுறீங்களோ அப்படியேதான் ஊர்ல சுத்தணும். அதனால பாத்து வெட்டுங்க."

கத்தரியார் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பாத்து வெட்டுங்க என்று, பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் சொன்ன முதல் ஆள் இவர்தான். எழுந்து சட்டையை மாட்டினார்.

கடையில் வலது பக்கம் சிரமமில்லாமல் முடிந்தது. கத்தரி நின்றது. கத்தரியார் கண்ணாடியைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு வேலை முடிந்துவிட்டது, தலை முழுசாக அழகாக இருந்தது. கண் அப்படித்தான் சொல்லும் என்று இப்போது அவருக்குத் தெரியும். கையை நீட்டித் தடவினார். இருந்தது. அத்தனையும் இருந்தது. காலால் நாற்காலியை உந்திச் சுழற்றி மெஷினைத் தன்னைப் பார்த்தபடி உட்காரவைத்தார். அப்போதுதான் அந்த இடது பக்கம் அவருடைய வலது பக்கத்துக்கு வந்தது. கண்ணாடி இல்லாமல், முழங்காலோடு முழங்கால் இடிக்க, எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற இரண்டு பேரும் மூச்சு படுகிற தூரத்தில் இருந்தார்கள்.

பழக்கமில்லாத கோணம். சீப்பைப் பிடித்த இடது கை ஒத்துழைக்கவில்லை, சீப்பு விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் எடுத்துக் கொடுத்தாள். கத்தரியாரின் சட்டை வேர்வையில் நனைந்தது. நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க, சொல்லிடுங்க என்று அவள் மெஷினை மனதுக்குள் கெஞ்சினாள்.

நாற்காலி கண்ணாடிப் பக்கம் திரும்பியது. மெஷின் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இடது பக்கம் படிக்கட்டு மாதிரி இருக்கு. காதுக்கு மேல ஒரு இடத்துல கூடுதலா எடுத்துட்டீங்க. பின்னால ரெண்டு பக்கமும் சேரல."

"என் பழைய வேலை எப்படி இருக்கும்?"

"சேருற இடமே தெரியாதுண்ணே."

"இனிமே அந்த மாதிரி வருமா?"

மெஷின் தன் பிடரியைத் தடவிப் பார்த்தார். "பழகப் பழக இதைவிட நல்லா வரும். அந்த மாதிரி வராதுன்னுதான் நினைக்கிறேன்" என்றார்.

கத்தரியார் கத்தரியை மேஜையில் வைத்துவிட்டு அழுதார். வாய்விட்டு, தோள் குலுங்க அழுதார். ஆஸ்பத்திரியில் அழாதவர், கையைப் பிடித்துக் காட்டிய அன்றும் அழாதவர். செத்தவனுக்கு அழுவதுபோல் அழுதார். செத்துப் போனவன் ஒருவன் இருக்கத்தான் செய்தான், அந்தப் பழைய கைக்காரன். அந்த இழவை அத்தனை நாளும் அவருக்குச் சொல்லாமல் தெருவே சேர்ந்து மறைத்து வைத்திருந்தது, அவளும் சேர்ந்து மறைத்து வைத்திருந்தாள். மெஷின் துணியைக்கூட அவிழ்க்காமல், படிக்கட்டுத் தலையோடு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அழுகை ஓய்ந்த பிறகுதான் எழுந்தார்.

"அடுத்த தடவை பின்பக்கம் பாத்துச் செய்ங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, தலையில் ஒன்றும் போட்டுக்கொள்ளாமல், நடுத்தெரு வழியாகத் தன் கடைக்கு நடந்தார்.

கத்தரியார் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து துடைப்பத்தை எடுத்தார். அவள் வாங்கப் போனாள், அவர் கொடுக்கவில்லை. வலது பக்கம் விழுந்த முடியைக் கூட்டிக் குவித்தார்.

"என் கண்ணை இனிமே நான் நம்ப முடியாது" என்றார், அவளைப் பார்க்காமல். "உன்னைத்தான் நம்பணும். நீயும் பொய் சொன்னா நான் எங்க போவேன்?"

அவள் தலையை ஆட்டினாள். அவள் வலது பக்கம் நின்றதால் அது அவருக்குத் தெரிந்தது.

"முடிஞ்சுதா?"

அவர் களைத்திருந்தார். முடிஞ்சதுங்க, உக்காருங்க என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லங்க. இடது பக்கம் இருக்கு."

அவர் கழுத்தைத் திருப்பினார். வலிப்பதுபோல் மெல்ல மெல்லத் திருப்பி, தேடி, கண்டுபிடித்துக் கூட்டினார்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு."

மறுபடி திருப்பினார். நாற்காலிக்கு அடியில் கிடந்த கற்றையைத் துடைப்பம் தொட்டும் தொடாமலும் தாண்டிப் போனது. அவர் நிமிர்ந்து, மூச்சு வாங்க, அவள் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப?"

"இன்னும் இருக்குங்க" என்றாள் அவள், அழுதுகொண்டே.